வில்லை வில்லையாக

போர் முடிந்த 1945 நவம்பரில் ஹங்கேரி மக்கள் தடையின்றி வாக்களித்தனர். சிறு உழவர் கட்சி 57 விழுக்காடு பெற்றது. பொதுவுடைமைக் கட்சிக்குக் கிடைத்ததோ 17 விழுக்காடே. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் பின்னவர் கைக்குள் அடங்கிற்று. எங்ஙனம்?

சோவியத் படை நாட்டில் நின்றது. அதன் நிழலில் உள்துறை பொதுவுடைமையினரிடம் சென்றது. காவல்துறை கையிலிருக்க வாக்குப்பெட்டி எதற்கு? 1947 பிப்ரவரியில் சிறு உழவர் கட்சியின் பொதுச்செயலர் பேலா கோவாச்சைச் சோவியத் படையினரே கைது செய்தனர். மே மாதம், சுவிட்சர்லாந்து சென்றிருந்த பிரதமர் பெரென்ஸ் நாகி அங்கிருந்தே பதவி விலக நேர்ந்தது. 1948 ஜூனில் சமூக சனநாயகக் கட்சியும் விழுங்கப்பட்டது. எதிரணியைச் சலாமி இறைச்சிபோல் வில்லை வில்லையாக நறுக்கியதாகக் கட்சித் தலைவர் ராகோசி பின்னர் பெருமை பேசினார்.

ஒன்றை நாம் மறைத்தலாகாது. 1945-இல் நிலமற்ற உழவருக்கு நிலம் பகிர்ந்தளித்தது நீதியான செயலே. அதுவரை அந்நாட்டின் பெருநிலக்கிழார்களுள் திருச்சபையும் ஒன்றாயிருந்தது.

திருச்சபைப் பள்ளிகள் 1948-இல் அரசுடைமையாயின. எதிர்த்து நின்ற கர்தினால் மின்சென்டி, அவ்வாண்டு டிசம்பர் 26, புனித முடியப்பர் திருநாளன்று கைதானார். காவலில் தாம் எதையேனும் ஒப்புக்கொண்டால் அது மனித பலவீனத்தின் விளைவே, செல்லாது என அவர் முன்னரே எழுதிவைத்திருந்தார். அடித்து வதைக்கப்பட்டபின் ஒப்புக்கொள்ளவும் செய்தார். 1949 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை. தம் வலுவின்மையை முன்னறிந்து எழுதிய அந்தத் தாளை நாம் வீரவுரைகளினும் உயர்வாக மதிக்கிறோம்.

அதே ஆண்டு அக்டோபரில், முன்னர் உள்துறை அமைச்சராயிருந்து அக்காவல்துறையை ஆண்ட லாஸ்லோ ராய்க், தம் கட்சியாராலேயே தூக்கிலிடப்பட்டார்.