கள்ளுக்கடையும் பள்ளிக்கூடமும் ஒரே பட்டியலில்

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளை நாம் பெரும்பாலும் கூலிப் போராட்டத்தின் ஆவணமாகவே படித்துவந்திருக்கிறோம். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்பதுதான் அதில் முன்னால் நிற்கிறது. ஆகவே அப்படிப் படித்ததில் தவறில்லை. ஆனால் பட்டியலில் மேலும் இறங்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். ஒழுங்கான மருத்துவம் வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை, அதாவது தோட்ட எழுத்தர்களை, நீக்கிவிட்டுத் தமிழ் பேசுகிறவர்களை வைக்க வேண்டும். எங்கள் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும். கள்ளுக்கடையும் பள்ளிக்கூடமும் ஒரே தாளில் வந்தது தற்செயல் அல்ல. ஒரு பிள்ளை எப்படிப்பட்ட இடத்தில் வளரக் கூடாது என்பதைப் பெற்றோரே எழுத்தில் வைத்த கணக்கு அது. அந்தக் கணக்குக்குக் கிடைத்த பதில் எல்லோருக்கும் தெரியும்: கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை வழிநடத்திய பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், படை இறங்கியது, குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள்.

இதற்கு 57 ஆண்டுகள் கழித்து, 1998இல், வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு அமெரிக்க மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைப் பருவத்தில் அடி, பாலியல் கொடுமை, குடிகாரத் தகப்பன், அடிபடும் தாய், சிறைக்குப் போன உறவு ஆகியவற்றை எதிர்கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி மட்டுமல்லாமல் இதய நோயும் கூடுதலாக வருகிறது என்று அது காட்டியது. சான் டியேகோ நகரில் நடந்த அந்த ஆய்வில் மொத்தம் 17,000க்கும் மேற்பட்டோர் பங்குபெற்றார்கள். இன்று உலகெங்கும் ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் காவலருக்கும் சொல்லித்தரப்படும் ‘உளக்காயம் அறிந்த அணுகுமுறை’க்கு இது ஓர் அடிக்கல். முரண்டு பிடிக்கும் பிள்ளையைத் தண்டிப்பதற்கு முன், அவனுக்கு நேர்ந்தது என்ன என்று பார்க்கச் சொல்வதுதான் அந்த அணுகுமுறையின் சாரம். மலேசியாவிலும் இது பயிற்சிப் பட்டறைகளின் வழியே, வெளியூர்ச் சரக்கு மாதிரியே வந்து சேர்கிறது. என் வாதம் இதுதான்: இந்த அறிவின் ஒரு பாதி கிள்ளான் பள்ளத்தாக்கில் முன்பே இருந்தது. அதிலும், அமெரிக்க ஆய்வின் வினாத்தாளில் விடுபட்டுப்போன பாதி அது.

விடுபட்டது எது என்று புரிய, லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், ஒரு விடியலைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் வருமுன்னே பிரட்டு. பெயர் கூப்பிடும்போது நிற்காவிட்டால் அன்றைய கூலி போயிற்று. அதற்கு முன்பே தாய் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டுபோய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட வேண்டும். அங்கே வரிசையாகத் தொங்கும் ஏணைகளுக்கு இடையில் ஒரு கிழவி. பல நேரம், பால்மரம் வெட்ட உடம்பு இடம் கொடுக்காததால் அந்த வேலைக்கு மாற்றப்பட்டவள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை தாயோடு காட்டுக்குப் போய்ப் பால் பிடிக்கும் மங்கு துடைக்கும், ஒட்டுப்பால் பொறுக்கும். அன்றைய நிலையான கூலி ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென் என்று இருந்தபோது பிள்ளைகளுக்கென்றும் தனி விகிதம் ஒன்று இருந்தது. அவர்கள் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கவில்லை, கணக்கில் ஏறியே நடந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார் என்ற அளவிலேயே நின்றது. சில இடங்களில் வாத்தியாரே கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்தார். மாலையில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை திறக்கும். வீடு நிர்வாகத்துடையது, வேலை போனால் வீடும் போகும்.

இந்த இடத்தில்தான் சான் டியேகோ வினாத்தாள் திணறுகிறது. அது கேட்பதெல்லாம் வீட்டுக் கதவுக்கு உள்ளே நடப்பவை. பங்குபெற்றவர்களில் பெரும்பாலோர் காப்பீடு உள்ள, படித்த, நடுத்தர வர்க்க வெள்ளையர்; கதவு அவர்களுடைய சொந்தக் கதவு. லயத்தில் கதவே தோட்டத்தின் சொத்து. தகப்பன் குடிகாரனா என்று கேட்கலாம், ஆம் என்று பதில் வரும். கள்ளுக்கடையை லயத்துக்குப் பக்கத்தில் வைத்தது யார் என்ற கேள்வி அதில் கிடையாது. எதிரே வருகிற கிராணியைக் கண்டதும் தகப்பன் சைக்கிளை விட்டு இறங்கித் தலைகுனிந்து நிற்பதைப் பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு நேர்ந்தது என்ன? அதற்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. கிள்ளான் தொழிலாளர்களோ அதை ஒரு கோரிக்கையாகவே எழுதினார்கள். பிறகு உலகச் சுகாதார நிறுவனம் தயாரித்த பன்னாட்டு வினாத்தாளும், ஃபிலடெல்பியா நகரில் நடந்த விரிவான ஆய்வும் தெருவில் கண்ட வன்முறை, இனப் பாகுபாடு, கூட்டு வன்முறை ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டன. அதாவது ஆய்வுலகமும் மெல்லக் கதவைத் தாண்டி வெளியே வந்தது.

இதற்கு எழும் முதல் மறுப்பு பழகிப்போன ஒன்று: அந்தக் காலத்தில் எல்லோரும்தான் பட்டார்கள், அடி வாங்கி வளர்ந்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நன்றாக இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லும் பேச்சு இது. நன்றாக இல்லாதவர்கள் நம் எதிரே உட்கார்ந்து வாதாட வருவதில்லை. இன்னொரு சான்றும் உண்டு. 1942-43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து பல்லாயிரம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மை தோட்டத் தமிழர். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் இன்றுவரை ஒத்த எண்ணிக்கை இல்லை. பல லயங்களில் அப்பா இல்லாத பிள்ளைகளே மிஞ்சினார்கள் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. இந்தப் பெருந்துயரம் மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலாக உருப்பெற்றது 1990களில். நடுவில் கழிந்த அரை நூற்றாண்டில் அந்தப் பிள்ளைகள் தாமே தாய் தகப்பன் ஆகி, தாத்தா பாட்டியும் ஆகிவிட்டார்கள். சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், ஏன் இப்படிக் கத்துகிறோம் என்று தங்களுக்கே தெரியாமல் கத்தவும் செய்தார்கள். பேசாமல் இருந்ததை ஆறிப்போனதாக எடுத்துக்கொள்வது நமக்கு வசதி. போருக்குப் பின் பூச்சோங் சாலையில் சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியது. சமாஜத்தைச் சேர்ந்த அன்னை மங்களம் 2023இல் மறையும்வரை அந்தப் பணியோடே இருந்தார். உளக்காயம் என்ற சொல் புழங்காத காலத்தில் அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தவை நாள் தவறாத நேரம், மாறாத முகங்கள், படிப்பு. இன்றைய பயிற்சி நூல்கள் கேட்பதும் ஏறக்குறைய இவற்றையே.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. இப்படிப் பேசப்போனால் தமிழ்ப் பிள்ளை என்றாலே உடைந்த பிள்ளை என்று முத்திரை விழாதா? ஏற்கெனவே விழுந்திருக்கிறது. 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. உறுப்பினர்களாகச் சொல்லப்பட்ட 40,000க்கும் மேற்பட்டோரில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர் என்ற செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அந்தப் பிள்ளைகள் எந்தத் தோட்டத்திலிருந்து எந்த அடுக்குமாடிக்கு வந்தவர்கள் என்ற செய்தி வரவில்லை. இடத்தின் கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இனம் மட்டுமே. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். அங்கே ரயில்வே குடியிருப்புகளில், ‘நூறு குவார்ட்டர்ஸ்’ என்று ஊரே அறிந்த வரிசைகள் உட்பட, தோட்ட லயங்களின் அதே காலத்தில் அதே மொழி பேசியவர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்த உத்தியோகத்தர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, தொடக்கமே சமமல்ல. ஆனால் கூலி வேலைக்காரரின் பிள்ளைகூட நடந்துபோகும் தூரத்தில் விவேகானந்தா ஆசிரமமும் பள்ளிகளும் கோயில்களும் நகரமும் இருந்தன. வீடு அங்கேயும் முதலாளியுடையதுதான்; வெளியே போகும் வழியோ திறந்திருந்தது. வித்தியாசத்துக்குக் காரணம் குணம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வரிசை வீடுகளையும் ஒருமுறை வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

தோட்டங்கள் போனபின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கண்ணெதிரே நடந்தது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது, சீஃபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது. பேராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் மேல் புத்ரா ஜெயா எழுந்தது. அங்கிருந்த சுமார் 400 குடும்பங்கள் டெங்கிலில் உள்ள அடுக்குமாடிகளுக்குப் போயின. பழைய லயத்தில் வாசலும் கோயிலும் பின்னால் காய்கறிக் கொல்லையும் இருந்தன. புதிய இடத்தில் சுவர் விரிசல் விட்டதைப் பற்றியே பல ஆண்டுகள் மனு எழுத வேண்டியிருந்தது. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் கலவரம் வெடித்து ஆறு பேர் மாண்டார்கள். புறம்போக்கு வீடுகளும் நெருக்கடியான குடியிருப்புகளும் மண்டிய பகுதி அது. அந்த நாட்களில் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு இன்று முப்பது வயது கடந்திருக்கும்.

நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது அநியாயம். கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1985இலேயே பிள்ளை வதையையும் புறக்கணிப்பையும் கண்டறியும் குழு அமைந்தது. 1991இல் பிள்ளைப் பாதுகாப்புச் சட்டம், 2001இல் பிள்ளைகள் சட்டம், 2017இல் பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் என்று படிப்படியாக வந்தன. இவை எல்லாம் கதவைத் தட்டி உள்ளே போய்ப் பிள்ளையைக் காப்பாற்றும் ஏற்பாடுகள்; அவை தேவை. கிள்ளானிலோ பந்திங்கிலோ ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தூங்கி வழியும் மாணவனைப் பார்த்துச் சோம்பேறி என்று எழுதுவதற்கு முன் அவனிடம் பேச நேரம் ஒதுக்கினால் அதுவும் பெரிய காரியம். ஆனால் அவள் கையில் பன்னாட்டு வினாத்தாளை மட்டும் கொடுத்தால் போதாது. 1941இன் பட்டியலும் கூடவே இருக்க வேண்டும். அதைப் பார்த்து இந்த ஊருக்கென்று ஒரு கேள்வியை அவளே சேர்த்துக்கொள்வாள்: பத்து வயதுக்குள் நீ எத்தனை முறை வீடு மாறினாய், யார் சொல்லி?