எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் நாள்பட்ட வலியும் உணவும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை, இரைப்பையைச் சிறிதாக்கியோ உணவு செல்லும் குடல்வழியை மாற்றியமைத்தோ உடல் பருமனைக் குறைக்கும் மருத்துவ முறை. பேரியாட்ரிக் சிகிச்சை என்றும் வழங்கும். இதை நாடி வரும் பலருக்கு முழங்கால், இடுப்பு, குதிகால் ஆகியவற்றில் வலியும் உடனிருக்கும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறது. அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும்போது இந்த வலியைத் தனி நோயாகக் கருதி ஆராய வேண்டும். அதற்காக எடுக்கும் மாத்திரைகளும் அன்றாட உணவும் எந்த அறுவை பொருந்தும், அது எவ்வளவு பாதுகாப்பானது என்பதையே மாற்றிவிடக்கூடியவை.

சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தச் சிக்கலுக்குத் தொழில் சார்ந்த முகம் உண்டு. சங்ககிரி லாரித் தொழிலின் ஊர். திருச்செங்கோடு ரிக் வண்டிகளுக்கும், பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி ஆகியவை விசைத்தறிக்கும் பெயர்பெற்றவை. லாரி ஓட்டுநர் நாள் முழுதும் அதிரும் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். உடல் முழுவதும் வாங்கும் இந்த அதிர்வு கீழ்முதுகு வலிக்கான தொழில்சார் காரணங்களுள் ஒன்று. தறிக்காரர் சிமெண்ட் தரையில் மணிக்கணக்கில் நிற்கிறார். இருவருக்கும் உணவு நேரம் வேலையைப் பொறுத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் நள்ளிரவில் சாப்பிடும் பரோட்டா பசியை அடக்கும், எடையையும் ஏற்றும். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2 சதவீதமாக இருந்தனர்.

எடைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் காட்டியது. பத்துக் கிலோ இளைத்தவரின் முட்டி, ஒவ்வோர் அடிக்கும் நாற்பது கிலோ குறைவாகச் சுமக்கிறது. பாரம் மட்டுமே காரணமன்று. கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அதனால் எடையைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாகக் காணப்படுகிறது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கக் குறைவு பசியைக் கூட்டுகிறது, நடை நின்றுபோகிறது. வலியோடு எடையும் ஏறியவரைப் பார்த்து "வாயைக் கட்டவில்லை" என்று சொல்வது அநியாயமானது.

எல்லா வலியும் எடையால் வருவதில்லை. முடக்குவாதம், நீரிழிவு நரம்புப் பாதிப்பு, தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி குறைபாட்டால் வரும் எலும்பு வலி, முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவது ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சிகிச்சை உண்டு. "ஜவ்வு விலகல்" என்று ஒரே சொல்லில் அழைக்கப்படும் முதுகு வலிக்குப் பின்னால் இவற்றில் எதுவும் இருக்கலாம். காலில் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடின்மை, காய்ச்சலோடு கூடிய முதுகு வலி ஆகியவை உடனடியாகப் பார்க்கப்பட வேண்டியவை. எடை குறையட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

யாருக்கு அறுவை சிகிச்சை

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். ஒரே குறியீட்டெண்ணில் இந்தியருக்கு வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவு அபாயமும் கூடுதல் என்பதால் இங்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் பருமன் எனக் கொள்ளப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு இந்தியாவில் நெடுங்காலம் பின்பற்றப்பட்ட வரம்பு 37.5; நீரிழிவு போன்ற துணைநோய் இருந்தால் 32.5. அதாவது 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு முறையே 96 கிலோ, 83 கிலோ. 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இதைப் பரிசீலிக்கலாம் என்றது.

மருத்துவ இன்சூரன்ஸின் கணக்கு வேறு. இந்தியாவில் பொதுவாகப் பின்பற்றப்படும் பாலிசி விதி குறியீட்டெண் 40 இருக்க வேண்டும் என்கிறது. அல்லது 35 இருந்து, பருமனால் வந்த இதயத்தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத நீரிழிவு ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். முட்டி வலி அந்தப் பட்டியலில் இல்லை. வலியால் வேலையை இழந்தவருக்கு இது பெரிய குறை. ஆகவே குறட்டை, பகல் தூக்கம், சர்க்கரை ஆகியவற்றை முறையாகப் பரிசோதித்துப் பதிவு செய்துகொள்வது மருத்துவத்துக்கும் பாலிசிக்கும் ஒருங்கே பயன்படும். ஓட்டுநருக்கு உறக்க மூச்சுத்தடை சாலையிலும் ஆபத்து.

பரவலாகச் செய்யப்படும் இரண்டு அறுவைகளில் ஸ்லீவ் முறை இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து ஒரு குழாய்போல் விடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பும் குறைகிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்புறம் முப்பது மில்லி அளவு சிறு பையாகப் பிரிக்கப்பட்டு நேரே சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. இரண்டும் பெரும்பாலும் நுண்துளை முறையிலேயே நடக்கின்றன. ஆபத்து விகிதம் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இந்த அறுவை சிகிச்சையின்போது சிக்கல் ஏற்பட்டு இறந்ததை அடுத்து அரசு விசாரணை நடத்தியது. தீவிர சிகிச்சைப் பிரிவு, அனுபவமுள்ள மயக்க மருத்துவர், பின்தொடர் கவனிப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை.

வலி மாத்திரைகள்

முடிவெடுக்கும் கட்டத்தில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுவே. மெடிக்கலில் "முட்டி வலிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கி ஒன்றும் கேஸ் மாத்திரை ஒன்றும் இருக்கும். சிலவற்றில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டும் சேரும். பெயரில்லாத வாதப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு வலியை மந்திரம்போல் அடக்கும்; கூடவே பசியைக் கூட்டும், சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலியவைக்கும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். எடை குறைக்க முயல்பவர் எடை ஏற்றும் மருந்தையே அறியாமல் விழுங்கிக்கொண்டிருக்கலாம். மாதக்கணக்கில் எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எடுத்த எல்லா மாத்திரை அட்டைகளையும், பொடியையும்கூட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது நல்ல வழி. வெட்கப்படவோ மறைக்கவோ அதில் ஒன்றுமில்லை.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் பைபாஸ் செய்தவர்களுக்கு, இரைப்பைப் பையும் குடலும் இணையும் இடத்தில் புண்ணை உண்டாக்குகின்றன. அந்தப் புண் ரத்தம் கசியலாம், ஓட்டையாகலாம். அதனால் பைபாஸுக்குப் பின் அவை ஆயுளுக்கும் தவிர்க்கப்படுகின்றன. முடக்குவாதம் போன்ற நோயால் இத்தகைய மருந்தை விடவே முடியாதவருக்கு ஸ்லீவ் பொருத்தமாகலாம். கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவருக்கோ ஸ்லீவ் அதை இன்னும் கூட்டும். வலியும் நெஞ்செரிச்சலும் சேர்ந்திருப்பவரின் தேர்வு எளிதன்று. எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தால் அதை ஒழித்த பின்னரே முடிவெடுப்பது வழக்கம். பீடி, சிகரெட், புகையிலை ஆகியவையும் அதே புண்ணுக்குக் காரணம். அறுவைக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே அவற்றை விட்டுவிட வேண்டும்.

மாற்றாக முதலில் நிற்பது பாராசிட்டமால், அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். மூட்டில் தடவும் ஜெல் உடலுக்குள் குறைவாகவே செல்கிறது. நரம்பு வலிக்குத் தரப்படும் பிரீகபாலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. டுலாக்செடினுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஓபியாய்டு வகை வலிநீக்கியான டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. உறக்க மூச்சுத்தடை உள்ளவருக்கு அதுவும் பிரீகபாலினும் சேர்ந்தால் மூச்சு தடுமாறலாம். அறுவைக்குப் பின் வலி தானே போய்விடும், மாத்திரையும் தானே நின்றுவிடும் என்று நம்பிவிடவும் கூடாது: அறுவைக்கு முன் ஓபியாய்டு மருந்தைத் தொடர்ந்து எடுத்தவர்களில் 77 சதவீதத்தினர் அறுவைக்கு அடுத்த ஆண்டிலும் அவ்வாறே எடுத்தனர் என்று 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் புதிய குடலமைப்பில் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். அவற்றைப் பொடித்து விழுங்குவதும் தவறு.

மருந்துக்கு இணையாக வேலை செய்வது உடற்பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து முழங்காலை நீட்டி ஐந்து நொடி நிறுத்தும் பயிற்சி தொடைத் தசையை வலுவாக்கி முட்டியைத் தாங்கவைக்கும். ஒரே மூச்சில் அரை மணி நடக்க முடியாதவர் பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். நடமாட முடியாதவர்களுக்கு இது உதவும்.

உணவு

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த, 800 முதல் 1000 கலோரி வரையிலான உணவு தரப்படுவது வழக்கம். இரைப்பையின் மேல் கவிந்திருக்கும் கல்லீரல் இதனால் சுருங்கி, அறுவை எளிதாகிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் இந்த நாள்களில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அறுவைக்குப் பின் முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு மோர், பால், பருப்புத் தண்ணீர், அடுத்து மசித்த உணவு, ஆறு வாரம் ஆனபின் மெல்ல வழக்கமான உணவு என்று வரிசை போகும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். இல்லையேல் கொழுப்போடு தசையும் கரையும், தசை கரைந்தால் முட்டி வலி திரும்பும். இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. நாமக்கல் முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் உண்டு. மூன்று முட்டை, இரண்டு டம்ளர் பால் அல்லது தயிர், ஒரு கிண்ணம் பருப்பு, நூறு கிராம் கோழிக்கறி சேர்ந்தால் கணக்கு முடிந்துவிடும். சைவர்கள் கொள்ளு, பச்சைப்பயறு, பனீர், சோயா ஆகியவற்றை நாட வேண்டும்; பலருக்குப் புரதப் பொடியும் தேவைப்படும். கொங்கு வீட்டுக் கொள்ளுப் பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்தால் மசித்த உணவுக் கட்டத்துக்கே பொருந்தும்.

சேலத்து ஜவ்வரிசியின் கதை வேறு. உடம்பு முடியாதவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது அன்பான வழக்கம். ஆனால் அது மரவள்ளி மாவே. புரதம் இல்லையென்றே சொல்லலாம். சிறு இரைப்பையை அதைக் கொண்டு நிரப்பினால் வேண்டியதற்கு இடமிராது. சர்க்கரை போட்டுக் கொடுத்தால் பைபாஸ் செய்தவருக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

ராகிக் களி, கம்பங்களி ஆகியவற்றை உருட்டி மெல்லாமல் விழுங்குவதுதான் இங்குள்ள பழக்கம். அறுவைக்குப் பின் அப்படி விழுங்கிய உருண்டை குறுகிய இரைப்பையில் சிக்கி வலியும் வாந்தியும் தரும். முதல் மாதங்களில் களியை விட்டு, நீர்த்த கூழும் மோரும் போதும். பிறகும் ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்றே விழுங்க வேண்டும். இந்தப் பழக்கத்தை அறுவைக்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விடுவது அடுத்த பழக்கம். தட்டுவடை செட், பரோட்டா, குளிர்பானம் ஆகியவை எளிதாக இறங்கி எடையைத் திரும்பக் கொண்டுவருபவை. மது பைபாஸுக்குப் பின் விரைவாகவும் கடுமையாகவும் ரத்தத்தில் ஏறும். வலிக்கு மருந்தாக அதைப் பழகியவர்களுக்கு இது பெரிய கண்ணி.

வலி எவ்வளவு குறையும்

அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு ஓராண்டுக்குப் பின் ஏறத்தாழ 58 சதவீதத்தினரும், மூன்றாண்டுக்குப் பின் 49 சதவீதத்தினரும் உடல் வலியில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தனர். பாதிப் பேருக்கு நல்ல பலன் கிடைத்தது. மீதிப் பாதியினர் அத்தகைய முன்னேற்றம் காணவில்லை. முன்கூட்டியே இதைச் சொல்லிவிடும் மருத்துவர் நோயாளிக்கு நன்மையே செய்கிறார். மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருந்த பருமனானவர்களுக்கு முதலில் இரைப்பையை இறுக்கிச் சிறிதாக்கும் பட்டை பொருத்திய ஆஸ்திரேலிய ஆய்வில், 29 சதவீதத்தினர் வலி குறைந்ததால் மூட்டு மாற்றே வேண்டாம் என்றனர்.

அறுவை இல்லாமலும் வழி உண்டு. செமாகுளூடைட் ஊசி முழங்கால் தேய்மானம் உள்ள பருமனானவர்களின் வலியைப் போலி மருந்தைவிட நன்றாகக் குறைத்ததை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நூறு புள்ளி அளவுகோலில் 41.7 புள்ளி குறைந்தது, போலி மருந்தில் 27.5. எடைக் குறைப்புக்கான செமாகுளூடைட், டிர்செபடைட் ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. நிறுத்தினால் எடை திரும்புவது இவற்றின் குறை.

பின்தொடர் கவனிப்பு

அறுவை கோவையிலோ சென்னையிலோ நடந்தாலும் பின்தொடர் கவனிப்பு ஆயுளுக்கும் உள்ளூரில்தான் நடக்க வேண்டியிருக்கும். சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அதற்கு எட்டும் தொலைவில் உள்ளன. மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் இரும்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம் அளவுகளைப் பார்ப்பர். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

புதிதாக வரும் வலியைப் பழைய வலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பைக் கல் உருவாகி வலப்பக்க மேல்வயிற்றில் வலிக்கலாம். யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கலாம். அப்போது டைக்ளோஃபெனாக்குக்குப் பதில் கோல்கிசின் தரப்படும். வைட்டமின் டி, கால்சியம் குறைந்தால் எலும்பு வலியும் பி12 குறைந்தால் பாத எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். வாந்தி நிற்காமல் இருந்து, கால் தடுமாறி, பார்வை இரட்டையாகத் தெரிந்தால் அது தயமின் குறைபாடு. அன்றே மருத்துவமனையில் தயமின் ஊசி போடப்பட வேண்டும், அதற்கு முன் குளுக்கோஸ் ஏற்றக் கூடாது.