சாத்தனூர் அணைப் பூங்காவும் அதன் நீண்டகாலப் பாதுகாப்பும்

சாத்தனூர் அணைப் பூங்கா, திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் அமைந்த ஆற்றோரப் பூங்கா. திருவண்ணாமலை நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், சென்னகேசவ மலைகளுக்கு நடுவே உள்ளது. காமராசர் ஆட்சியில் கட்டப்பட்ட அணை 1958இல் நிறைவடைந்தது. அண்ணாமலையார் கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பலர் இங்கும் ஒரு நடை வந்து போவார்கள். காணும் பொங்கலன்று கால் வைக்க இடமிருக்காது. பூச்செடிப் பாத்திகள், சிலைகள், குழந்தைகள் விளையாடுமிடம், வனத்துறையின் முதலைப் பண்ணை, சுடச்சுட மீன் வறுக்கும் கடைகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

பூங்காவை மேம்படுத்துவது என்றாலே புது நீரூற்று, புது வண்ணம், புது விளக்கு என்றுதான் பேச்சு தொடங்குகிறது. இது போதாது. இந்தப் பூங்காவின் ஆயுளைத் தீர்மானிப்பது ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நகரக் கழிவையும் மலைச்சரிவு மண்ணையும் சுமந்துகொண்டு இங்கே வந்து சேர்கிறது. அணையின் நீர்மட்ட உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. தொடக்கத்தில் இருந்த கொள்ளளவின் ஒரு பகுதியை வண்டல் ஏற்கெனவே விழுங்கிவிட்டது. திருவண்ணாமலை நகரம் குடிக்கும் நீரும் இந்த அணையிலிருந்தே வருகிறது.

2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையால் நிரம்பிய அணையிலிருந்து விநாடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வரை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அணையடியில் பூங்கா வைத்திருப்பவர்கள் அந்த இரவை மனத்தில் வைத்தே அடுத்த முப்பது ஆண்டுகளைத் திட்டமிட வேண்டும். வெள்ளம் ஏறும் இடத்தில் நிலையான கட்டடம் கூடாது. வேரால் கரையைப் பிடித்து நிற்கும் மருதம், நாவல், புங்கன் போன்ற மரங்கள் அங்கே வளரட்டும். கடைகளும் விளையாட்டுக் கருவிகளும் மேட்டுக்குப் போகட்டும். முதலைகள் இருக்கும் இடத்தில் வேலியின் உறுதி தனிக் கவனம் கேட்கிறது.

நீரோட்டத்தோடு இசைந்து பூங்காவைச் சீரமைப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. சென்னையில் சுமார் 358 ஏக்கர் பரப்புள்ள அடையாறு உப்பங்கழியில் முதலில் 58 ஏக்கர் மட்டும் சீரமைக்கப்பட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கட்டடக் கழிவு அகற்றப்பட்டு, அந்த மண்ணுக்குரிய செடிகள் நடப்பட்டன. மீதிப் பரப்பு அடுத்த கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கென்றே ஓர் அறக்கட்டளை பொறுப்பில் இருந்ததால் வேலை தொடர்ந்தது. சாத்தனூரிலோ அணை நீர்வளத் துறையிடம், முதலைப் பண்ணை வனத்துறையிடம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒரே திட்டம் இல்லாவிட்டால், ஒரு துறை நட்ட மரத்தை இன்னொரு துறை வெட்டும்.

அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள், இயங்கிவரும் குறிப்பிட்ட அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கப்பட வேண்டும். சாத்தனூர்ப் பூங்காவுக்கு வரும் கூட்டத்தை எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் வெளியேற்றுவது என்பதும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றாக வேண்டும்.