ஒட்டுத்துணிக் கரை

பல நிறத் துண்டுகளை முக்கோணமாகவும் சதுரமாகவும் இணைத்து விரிப்பு, போர்வை, பாவாடை ஆகியவற்றின் விளிம்பில் தைக்கும் வேலை. லம்பாடிப் பெண்களின் பூத்தையலோடும் கண்ணாடிப் பதிப்போடும் சேர்ந்தது. தருமபுரி மாவட்டச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மங்கிக்கிடந்த லம்பாடித் தையலுக்கு, மருத்துவர் லலிதா ரெஜியின் துணையோடு உருவான போர்கை கைவினைஞர் சங்கம் மறுவாழ்வு தந்தது.

கந்தலை மிச்சம்பிடிக்கப் பிறந்ததே இவ்வேலை என்பர். பழந்துணி பயன்பட்டது மெய்தான். ஆனால் சிக்கனம் கரையின் வடிவத்தை விளக்காது. 5 செ.மீ. சதுரம் ஒன்றுக்குப் பக்கத்துக்கு 6 மி.மீ. தையலுக்கு விட்டால், வெட்டிய துணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே மறைந்துவிடும். துண்டு சிறுத்தால் இழப்பு கூடும். சிக்கனமே குறி என்றால் நீளப் பட்டை ஒன்று போதும். முதலில் நைவது விளிம்பு, அதைத் தடிப்பாக்கவே இத்தனை அடுக்கு என்ற மறுப்பு வலுவானது. எனினும் மடித்த பட்டையும் அதைச் செய்யும். எஞ்சுவது அழகின் மேல் உள்ள பிடிவாதம். அதற்கு விலையும் உண்டு: துண்டுக்கு 1 மி.மீ. பிசகினாலும் 60 துண்டில் 6 செ.மீ. ஆகி மூலை சேராது. மாதக்கணக்கில் நீளும் வேலையில், நடுவிலிருந்து இரு மூலைகளை நோக்கித் தைத்து, இடையிடையே அளந்து சரிசெய்வதே பாதுகாப்பு.