பிரதி எடுப்பதும் பழுது பார்ப்பதும்

‘பிரதி’ என்கிற வார்த்தை நம் சிறுபத்திரிகைகளில் பட்ட பாடு கொஞ்சமல்ல. இங்கே அதன் பழைய அர்த்தத்தில்தான், நகல் என்கிற அர்த்தத்தில்தான், பேசப்போகிறேன். ஈ.கோலை என்னும் பாக்டீரியா இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டிஎன்ஏவின் சுமார் 46 லட்சம் எழுத்துகளையும் பிரதி எடுத்தாக வேண்டும். எடுப்பது யார்?

1956இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆர்தர் கோர்ன்பெர்க் பாக்டீரியாவை உடைத்துச் சாறெடுத்து, அதில் ஒரு நொதியைக் கண்டார். டிஎன்ஏ இழை ஒன்றைக் கொடுத்தால் அதற்கு எதிரிழை கட்டியது. டிஎன்ஏ பாலிமரேஸ் என்று பெயர் வைத்தார். 1959இல் நோபல் பரிசு. கேள்வி முடிந்துபோன மாதிரிதான் இருந்தது.

ஆனால் கணக்கு உதைத்தது. இந்த நொதி விநாடிக்குச் சுமார் 20 எழுத்துதான் சேர்க்கும். செல்லோ 40 நிமிடத்தில் முழு வேலையையும் முடித்துவிடுகிறது. அதற்கு ஆயிரம் எழுத்து வேகம் வேண்டும். 1969இல் ஜான் கெய்ர்ன்ஸும் அவர் ஆய்வகத்தில் பணிபுரிந்த பௌலா டி லூசியாவும் ஆயிரக்கணக்கான திரிபுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, அந்த நொதியின் செயல்பாடு ஏறக்குறைய இல்லாத ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார்கள். அது சாகவில்லை, வழக்கம்போலப் பெருகியது. புற ஊதாக் கதிர் பட்டால் மட்டும் தாங்கவில்லை. அதாவது, பரிசு வாங்கிய நொதியின் முக்கிய வேலை பழுதுபார்ப்பு. அந்த மரபணுவின் பெயர் ‘போல்ஏ’. பௌலா என்கிற பெயர் அதில் ஒலிக்கிறது.

அடுத்த இரண்டு வருஷங்களில் உண்மையான பிரதியாளர் அகப்பட்டார்: பாலிமரேஸ் 3. கண்டவர்களில் ஒருவர் கோர்ன்பெர்க்கின் மகன் தாமஸ்! அதுவரை ஏன் தட்டுப்படவில்லை? ஒரு செல்லில் முதல் நொதி நூற்றுக்கணக்கில். இதுவோ பத்து இருபது. சோதனைக்குழாயில் கூட்டமாக இருப்பதுதான் உரக்கப் பேசும். அதுதான் செல்லின் குரல் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் முதல் நொதி வெறும் எடுபிடிதானா? ஜப்பானில் ரெய்ஜி, ட்சுனெகோ ஒகசாகி தம்பதியர் 1960களில் காட்டியது: இரு இழைகளில் ஒன்று துண்டுதுண்டாகத்தான் கட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன ஆர்என்ஏ முனையிலிருந்து தொடங்குகிறது என்பது பிறகு தெரிந்தது. அந்த முனைகளை அகற்றி இடைவெளியை அடைப்பது யார் தெரியுமா? அதே பழுதுபார்ப்பவர்தான். டி லூசியாவின் பாக்டீரியாவில்கூட முனை அகற்றும் திறன் அழிந்துவிடவில்லை. அது பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

படைப்பு உயர்வு, பராமரிப்பு தாழ்வு என்கிற வரிசை நம்முடையது. நொதியைத் தூக்கிவைத்ததும் பிறகு இறக்கிவைத்ததும் அதே வரிசைதான். அடைக்க ஆளில்லாத பிரதி ஓட்டை விழுந்த பிரதி. அதை வைத்துக்கொண்டு எந்தச் செல்லும் இரண்டாக முடியாது.