கழுதையோடு நடந்த வீரன்

போரிலே பட்ட வீரனுக்குக் கல் நடுவது பண்டைத் தமிழர் வழக்கம். அக்கல்லில் அவனுடைய பெயரையும் அவன் ஆற்றிய செயலையும் பொறித்தனர். அவன் மன்னனாகவோ படைத்தலைவனாகவோ இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கச் சென்று மடிந்த எளிய மறவனுக்கும் கல் நின்றது. பிற்கால யுத்தங்களின் வரலாற்றைப் புரட்டுவோர் காண்பவை பெரும்பாலும் தளபதிகளின் பெயர்களே. மாண்ட பல்லாயிரவர் வெறும் எண்ணிக்கையாகவே அங்கே நிற்கின்றனர். அவ்வாறு எண்ணிக்கைக்குள் மறைந்திருக்க வேண்டிய ஒருவன், தன் பெயரோடு ஒரு நாட்டின் நெஞ்சிலே இடம் பெற்றான். அவன் கையிலே துப்பாக்கி இருக்கவில்லை. ஒரு கழுதையின் கயிறே இருந்தது. ஜோன் சிம்ப்சன் கேர்க்பற்றிக் என்பது அவனுடைய முழுப் பெயர்.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலே சவுத் ஷீல்ட்ஸ் என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. அங்கே 1892 ஆம் ஆண்டு யூலை மாதம் 6 ஆம் திகதி அவன் பிறந்தான். தந்தை கப்பலோட்டி, குடும்பமோ வறியது. கோடை விடுமுறைக் காலத்திலே கடற்கரைக்கு வரும் சிறுவர்களைக் கழுதைமேல் ஏற்றி நடத்திச் செல்லும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அந்தச் சாதுவான பிராணியின் குணத்தை அவன் அறிந்துகொண்டது அக்கடற்கரையிலேதான்.

1909 ஆம் ஆண்டில் அவன் கப்பற்றொழிலிற் சேர்ந்தான். மறு ஆண்டு, கப்பல் அவுஸ்திரேலியாவின் நியூகாசில் துறையை அடைந்தபோது, யாருக்கும் சொல்லாமல் கரையேறி மறைந்தான். கரும்பு வெட்டினான், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தான், கரையோரக் கப்பல்களிலே கொதிகலனுக்குக் கரி தள்ளினான். கையிற் கிடைத்த கூலியில் ஒரு பகுதி தவறாது தாய்க்குப் போயிற்று. உழைப்பவன் வாடவும் செல்வர் கொழிக்கவும் காணும் உலகத்தைக் குறித்து அவனுக்குக் கோபமும் உண்டு. தாய்க்கு எழுதிய கடிதங்களிலே அக்கோபத்தை அவன் ஒளித்தானில்லை.

1914 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. அம்மாதமே பேர்த் நகரிலே அவன் படையிற் சேர்ந்தான். கேர்க்பற்றிக் என்னும் குடும்பப் பெயரை விடுத்து, தாயின் கன்னிப் பருவத்துக் குடும்பப் பெயராகிய சிம்ப்சன் என்பதையே பதிவேட்டிற் கொடுத்தான். கப்பலை விட்டோடிய குற்றம் வெளிப்படாதிருக்கவே அவ்வாறு செய்தான் என்பர். படை இங்கிலாந்துக்குப் போகும், தாயைக் காணலாம் என்னும் ஆசையும் அவனை ஈர்த்தது என்பர். அவனுக்குக் கிடைத்த இடம் மூன்றாவது கள மருத்துவப் பிரிவு. காயமுற்றோரைத் தூக்கிச் செல்வது அவனுடைய கடமை.

அந்த ஆண்டு நவம்பர் மாதத்திலே அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிய பெரும் கப்பல் வரிசை இந்து சமுத்திரத்தைக் கடந்தது. அதற்குக் காவலாக வந்த சிட்னி என்னும் போர்க்கப்பலே நவம்பர் 9 ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே ஜெர்மனியரின் எம்டனை வென்றது. தமிழரின் பேச்சிலே இன்றும் ஒரு சொல்லாய் வாழும் அதே எம்டன்தான். பின்னர் அக்கப்பல் வரிசை கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. இலங்கைத் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படையணியொன்று முந்திய மாதமே எகிப்துக்குப் புறப்பட்டிருந்தது. படைகள் இங்கிலாந்துக்குச் செல்லவில்லை. துருக்கி யுத்தத்தில் இறங்கியமையால் எகிப்திலேயே இறக்கப்பட்டன. தாயைக் காணும் வாய்ப்பு அத்தோடு நழுவிற்று.

தார்தனெல்ஸ் நீரிணையைக் கைப்பற்றி, ருஷ்யாவுக்குக் கடல்வழி திறக்க வேண்டும் என்பது நேசநாடுகளின் திட்டம். கடற்படையால் அது கைகூடாது போகவே, கல்லிப்போலித் தீபகற்பத்திலே தரைப்படையை இறக்கத் துணிந்தனர். 1915 ஆம் ஆண்டு ஏப்ரில் 25 ஆம் திகதி விடியற்காலையிலே சிம்ப்சனின் பிரிவு கரையேறியது. எதிரே செங்குத்தான குன்றுகள். அவற்றின் உச்சியிலே தம் தாய்மண்ணைக் காத்து நின்ற துருக்கியர். காயமுற்றோர் தொகை பெருகிற்று. தூக்கிச் செல்வோர் போதவில்லை.

அங்கே திரிந்த ஒரு கழுதை சிம்ப்சனின் கண்ணிற் பட்டது. காலிலே குண்டுபட்டு நடக்கமாட்டாத ஒருவனை அதன்மேல் அமர்த்தி, ஒரு கையால் அவனைத் தாங்கி, மறு கையாற் கயிற்றைப் பற்றிக் கடற்கரைக்கு நடத்தி வந்தான். பலர் தூக்க வேண்டிய சுமைக்கு ஒரு மனிதனும் ஒரு பிராணியும் போதுமாயினர். அன்றுமுதல் அதுவே அவன் தொழிலாயிற்று. ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளமான பள்ளத்தாக்கு. இருபுறமும் மறைந்திருந்து சுடுவோர். மேலே வெடிக்கும் குண்டுகள். மேலே செல்லும்போது தண்ணீர். கீழே வரும்போது காயமுற்றவன். மேலதிகாரிகளும் அவன் போக்கிலே அவனை விட்டனர்.

அவன் தங்கியது தன் பிரிவினரோடு அன்று. இந்திய மலைப் பீரங்கிப் படையின் பாசறையிலே, கோவேறு கழுதைகளை மேய்த்த இந்தியரோடு தங்கினான், அவர்களோடு உண்டான். கழுதைக்குத் தீனி அங்கே கிடைத்தது. அவர்கள் அவனைப் 'பகதூர்' என்று அழைத்தனர். வீரன் என்பது அச்சொல்லின் பொருள்.

மே மாதம் 19 ஆம் திகதி ஏறக்குறைய 42,000 துருக்கிய வீரர் பெருந்தாக்குதல் நடத்தினர். அன்று காலை, வழக்கமாக உணவருந்தும் காவலிடத்தை அவன் அடைந்தபோது உணவு ஆயத்தமாகவில்லை. திரும்பி வரும்போது நல்ல மதிய உணவு வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே நடந்தான். காயமுற்றோரோடு இறங்கி வரும் வழியிலே குண்டொன்று அவன் மார்பிற் பாய்ந்தது. அவனுக்கு அப்போது வயது 22. களத்தில் அவன் உழைத்தது நான்கு வாரங்கள்கூட இல்லை. கடலோரக் கல்லறையிலே அவனை அடக்கம் செய்தனர். மறுநாளே தளபதி மொனாஷ் அவன் தொண்டைப் பாராட்டி மேலிடத்துக்கு எழுதினார்.

பின்னர் அவன் கதை வளர்ந்தது. முந்நூறு பேரைக் காத்தான் என்றனர்; அதனை நிறுவும் கணக்கு ஏதும் இல்லை. முதலாளிகளைச் சாடிய கடிதங்களைச் சொல்லாமல் விட்டு, பேரரசின் பணிவான பிள்ளையாக அவனைக் காட்டினர். நியூசிலாந்து ஓவியர் ஹொரேஸ் மூர்-ஜோன்ஸ் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் சிம்ப்சனைக் காட்டுவதாகவே உலகம் நம்பிற்று. உண்மையிலே அதற்கு மூலமான நிழற்படத்தில் இருந்தவர் றிச்சட் ஹெண்டர்சன் என்னும் நியூசிலாந்தர். அவரும் கழுதையைக் கொண்டு காயமுற்றோரை மீட்டவரே. ஆயினும் புகழ் மற்றவன் பெயருக்குப் போயிற்று.

சிம்ப்சனுக்கு விக்டோரியாச் சிலுவை வழங்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலம் எழுந்துவந்தது. அதனை ஆராய்ந்த அவுஸ்திரேலிய விசாரணை மன்று 2013 ஆம் ஆண்டிலே, அவனுடைய துணிவு அப்பிரிவில் இருந்த ஏனைய தூக்குவோர் அனைவரின் துணிவையும் ஒத்ததே என்று கண்டு, அவ்விருதைப் பரிந்துரைக்க மறுத்தது. அம்முடிவு அவன் புகழைக் குறைப்பதாகச் சிலருக்குத் தோன்றியது. சற்று நிதானித்து நோக்கினால், அது மற்றவர்களின் புகழை உயர்த்துவதாகும். அதே பள்ளத்தாக்கில், கழுதையின் துணையுமின்றி, தோளிலே சுமந்து நடந்தவர்கள் எத்தனை பேர்! அவனோடு உணவைப் பகிர்ந்த இந்தியப் பாகர்களின் பெயர்களை இன்று அறிந்தோர் எத்தனை பேர்!

கல்லிப்போலிப் போரிலே 8,000க்கு மேற்பட்ட அவுஸ்திரேலியரும் 80,000க்கு மேற்பட்ட துருக்கியரும் மாண்டனர். அந்தத் திட்டமோ நிறைவேறவில்லை. 1915 டிசெம்பரில் அன்சாக் குடாவை விட்டுப் படைகள் வெளியேறின. தளபதிகள் கருதிய வெற்றி எதுவும் எஞ்சவில்லை. காயமுற்ற ஒருவனை உயிரோடு கரைசேர்த்த வெற்றி மாத்திரம் எஞ்சியது. மெல்பேண் நகரிலும், கான்பராவிலும், அவன் பிறந்த சவுத் ஷீல்ட்ஸிலும் கழுதையோடு அவன் சிலையாக நிற்கிறான். அச்சிலைகளை ஒரு மனிதனின் நடுகல்லாக மாத்திரம் கொள்ளலாகாது. கல் நடப்பெறாத அனைவருக்கும் நின்ற கல் அது.