சிங்கப்பூரில் பள்ளி முதல்வர் பயிற்சி

சிங்கப்பூரில் பள்ளி முதல்வர் பொறுப்புக்கு உரியவராகக் கருதப்படும் ஆசிரியர், அப்பொறுப்பை ஏற்கும் முன்பே முழுநேரப் பயிற்சி பெறும் முறை 1984ஆம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முன்பு முதல்வர்கள் பெரும்பாலும் பணியில் இருந்தபடியே நிர்வாகத்தைக் கற்றுக்கொண்டனர்.

வழிகாட்டியின் நிழலில்

1984இல் கல்விக் கழகம் தொடங்கிய கல்வி நிர்வாகப் பட்டயப் படிப்பு ஓராண்டு நீடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட துணை முதல்வர்கள் இதில் சேர்ந்தனர். வகுப்பறைப் பாடங்களோடு, அனுபவமிக்க முதல்வர் ஒருவரின் பள்ளியில் எட்டு வாரங்கள் தங்கிப் பழகுவதும் இதன் பகுதியாகும். ஆசிரியர்களை எப்படி அணுகுவது, சிக்கல் எழும்போது எப்படி முடிவெடுப்பது போன்றவற்றை அவர்கள் அருகிருந்து கற்றனர். 1991இல் கல்விக் கழகம் உடற்கல்விக் கல்லூரியுடன் இணைந்து தேசியக் கல்விக் கழகமானது. பயிற்சி அங்கே தொடர்ந்தது.

இம்முறையின் பலமே அதன் வரம்புமாக அமைந்தது. மூத்தவரைப் பார்த்துக் கற்பவர், அவர் நடத்தும் பள்ளியைப் போன்ற பள்ளியையே நடத்தத் தேர்ச்சி பெறுகிறார். ஆனால் சிங்கப்பூரில் முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றப்படுவர். ஒரு பள்ளிக்குப் பொருந்திய வழி அடுத்த பள்ளிக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

மாற்றம்

1997இல் பிரதமர் கோ சோக் டோங் 'சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்' என்ற கொள்கையை அறிவித்தார். பள்ளிகளுக்குக் கூடுதல் தன்னாட்சி கிடைத்தது. மேலிடத்து உத்தரவை நிறைவேற்றுவதோடு, தம் பள்ளிக்கு எது தேவை என்று தாமே தீர்மானிப்பதும் முதல்வரின் கடமையாயிற்று.

இதற்கேற்ப 2001இல் பட்டயப் படிப்பின் இடத்தில் 'கல்வித் தலைவர்கள் திட்டம்' வந்தது. இது ஆறு மாத முழுநேரப் பயிற்சியாகத் தொடங்கியது. துணை முதல்வர்களும் கல்வி அமைச்சின் அதிகாரிகளும் இதில் பங்கேற்றனர். பங்கேற்பாளர்கள் வெளிநாடுகளுக்குச் சென்று அங்குள்ள கல்வி முறையையும் பிற நிறுவனங்களையும் கண்டனர். ஒரு பள்ளியைத் தேர்ந்து, பல ஆண்டுகளுக்குப் பின் அது எப்படி இருக்க வேண்டும் எனத் திட்டமிட்டு, அதன் ஒரு பகுதியை நடைமுறைப்படுத்தவும் முயன்றனர்.

மதிப்பீடு

முதல் திட்டம் நடப்பிலுள்ள பள்ளியை நன்றாக நடத்தக் கற்பித்தது; இரண்டாவது, இனி வரப்போகும் பள்ளியை எண்ணிப் பார்க்கக் கற்பித்தது. எனினும் தேசியத் தேர்வுகள் தொடர்ந்ததால், புதுமை காண விரும்பிய முதல்வரும் மாணவரின் தேர்ச்சிக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் சமன்செய்யும் திறனைப் பயிற்சி தொடங்கி வைக்கலாம். அது முதிர்வது பள்ளியில்தான்.